ஈரக்காற்று ஊரில் ஜாம் பிஸ்கட் சுடுவது எப்படி

தீபாவளிப் பலகாரத் தட்டில் முறுக்குக்கும் அச்சுமுறுக்குக்கும் நடுவில், கிறிஸ்துமஸ் மேசையில் கேக்குக்குப் பக்கத்தில், இரண்டு மெல்லிய பிஸ்கட்டுகளுக்கு இடையே ஜாம் வைத்த அந்த ஜோடி பிஸ்கட்டை இப்போது பல வீடுகளில் பார்க்கலாம். மேல் பிஸ்கட்டில் ஒரு துளையோ மூன்று துளைகளோ இருக்கும். உள்ளே இருக்கும் சிவப்பு ஜாம் அதன் வழியே மினுங்கும். இதன் தாய்வீடு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரம். லின்ஸர் டோர்ட்டே என்ற கேக்கின் செய்முறை 1653ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியிலேயே கிடைத்திருக்கிறது. அந்தக் கேக்கைப் போலவே கொட்டைப் பொடி கலந்த மாவும் புளிப்பு ஜாமும் சேர்த்துச் சிறிய அளவில் சுடுவதுதான் லின்ஸர் பிஸ்கட்.

குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே இங்கே செய்தால் மாவு கையில் ஒட்டும், ஓவனில் வடிவம் பரந்துவிடும், ஜாம் வைத்த மறுநாளே பிஸ்கட் நமத்துப் போகும். காரணம் செய்முறை அல்ல, நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வெண்ணெயோ 20 டிகிரியைத் தாண்டியதுமே வேகமாகத் தளரத் தொடங்கி, 32 டிகிரிக்கு மேல் உருகிவிடும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட வாரங்கள் மழைக்காலம் வேறு. அதனால் பொருள்களை மாற்ற வேண்டியதில்லை, வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். மாவைக் குளிர வைத்துவிட்டுத் தேய்ப்பதற்குப் பதிலாகத் தேய்த்துவிட்டுக் குளிர வைக்க வேண்டும். ஜாமைப் புட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்காமல் காய்ச்சிக் கெட்டியாக்க வேண்டும். ஜோடி சேர்ப்பதைக் கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டும்.

தேவையானவை

5 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 40 ஜோடிகளுக்கு:

உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம்
ஐசிங் சீனி 100 கிராம்
முட்டை மஞ்சள் கரு 1
மைதா மாவு 260 கிராம்
பாதாம் பொடி 100 கிராம்
உப்பு கால் தேக்கரண்டி
பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்புத் தூள் ஒரு சிட்டிகை
ஓர் எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல்
ஜாம் 300 கிராம், எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி
மேலே தூவ ஐசிங் சீனி 30 கிராம்

எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கப் மைதா அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம். இரண்டு கப்பில் 60 கிராம் கூடிவிட்டால் பிஸ்கட் வறண்டு வெடிக்கும்.

வெண்ணெய் வாங்கும்போது உறையைப் படியுங்கள். எளிதில் தடவக்கூடியது என்று விற்கும் டப்பா வகைகளில் தாவர எண்ணெய் கலந்திருக்கும். ஃபிரிஜ்ஜிலேயே மென்மையாக இருப்பதற்கு அதுதான் காரணம். அதில் பிசைந்த மாவு வடிவத்தைத் தாங்காது. பேரங்காடிகளில் 250 கிராம் கட்டியாகக் கிடைக்கும் வெண்ணெயே சரி. அடர்ந்த நெய்வாசம் பிடித்தவர்கள் 200 கிராமில் 30 கிராமை நெய்யாக மாற்றுவதுண்டு. நெய்யில் நீர் இல்லாததால் மாவு பொலபொலவென்று உதிரும். அச்சில் வெட்டும் பிஸ்கட்டுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சாதாரணச் சீனியைப் போடாதீர்கள். அது ஓவனில் கரையும்போது மாவை இளக்கிப் பரவ விடும். ஐசிங் சீனி மாவிலேயே கலந்துவிடுவதால் ஓரம் கூர்மையாக நிற்கும்.

பாதாம் பொடி பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் பொருள் கடைகளில் தயாராகக் கிடைக்கும். தேக்காவிலோ முஸ்தஃபாவிலோ முழு பாதாம் வாங்கி வீட்டில் பொடித்தால் மணம் கூடுதல், ஆனால் கவனம் வேண்டும். பாதாமை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, நிறுத்து வைத்த மைதாவிலிருந்தே 2 மேசைக்கரண்டி சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். தோலோடு பொடித்தால் பிஸ்கட்டில் பழுப்புப் புள்ளிகள் விழும், அதுவும் அழகுதான். ஊறவைத்துத் தோலுரித்தால் நன்றாகக் காய்ந்த பிறகே பொடிக்க வேண்டும்.

முட்டை சேர்க்காத வீடுகளில் மஞ்சள் கருவுக்குப் பதில் 1 மேசைக்கரண்டி குளிர்ந்த பால் போதும். நிறம் கொஞ்சம் வெளிறும், பிஸ்கட் சற்று எளிதில் உடையும், ருசி குறையாது. ஜாம் பெரும்பாலும் பழத்திலுள்ள பெக்டினால்தான் இறுகுகிறது. என்றாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்த்த வகைகளும் உண்டு என்பதால் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவு

வெண்ணெயை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி 10 நிமிடம் வெளியே வையுங்கள். பல செய்முறைகள் சொல்லும் ஒரு மணி நேரம் நம் சமையலறைக்குப் பொருந்தாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. வெப்பமானி இருந்தால் 18 முதல் 20 டிகிரி.

வெண்ணெய், ஐசிங் சீனி, உப்பு, எலுமிச்சைத் தோல் நான்கையும் மரக்கரண்டியாலோ இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகத்திலோ ஒன்றாகும் வரை மட்டும் கலக்குங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல வெளுக்க வெளுக்க அடித்தால் காற்று புகுந்துவிடும். பிஸ்கட் ஓவனில் உப்பி, பிறகு அமுங்கி, பரந்துபோகும். பேக்கிங் பவுடர் சேர்க்காததும் இதனால்தான். அடுத்து மஞ்சள் கரு. கடைசியாக மைதா, பாதாம் பொடி, பட்டை, கிராம்பு. உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். இதைச் சப்பாத்தி மாவைப் போலப் பிசையவே கூடாது. பிசையப் பிசைய மைதாவில் பசைத்தன்மை கூடி, சுடும்போது வட்டம் சுருங்கி முட்டை வடிவமாகும், கடித்தால் கடினமாக இருக்கும்.

தேய்த்துவிட்டுக் குளிர வைப்பது

இங்கேதான் வெற்றியும் தோல்வியும். உருண்டையாகச் சுற்றி ஃபிரிஜ்ஜில் வைத்த மாவு கல்லாகிவிடும். அது தேய்க்கும் பதத்துக்கு வருவதற்குள் ஓரங்கள் உருகிவிடும், நடுப்பகுதி இன்னும் இறுகியிருக்கும். ஒட்டாமலிருக்க மைதா தூவித் தேய்த்தால் அந்த மைதா எல்லாம் பிஸ்கட்டுக்குள் போய் வறட்சியைத் தரும்.

அதனால் கலந்த உடனே மாவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவில் வைத்து 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்துவிடுங்கள். இளக்கமாக இருப்பதால் பலம் கொடுக்கத் தேவையில்லை, மைதாவும் வேண்டாம். ஒரே கனம் வர எளிய வழி, மாவின் இரு பக்கமும் ஒவ்வொரு சாத்தே குச்சியை வைத்து, உருளைக்கட்டை அவற்றின் மேல் உருளும்படி தேய்ப்பது. மூங்கில் சாத்தே குச்சிகள் பெரும்பாலும் 3 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். அளவுகோலால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கனம் கூடக்குறைய இருந்தால் ஒரே தட்டில் சில கருகும், சில வேகாது.

தேய்த்த தாள்களைத் தட்டையான தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஃபிரிஜ்ஜில் 45 நிமிடம், அல்லது உறைபெட்டியில் 15 நிமிடம் வையுங்கள். தாளைத் தூக்கினால் மாவு வளையாமல் அட்டையாக நிற்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சமையலறையில் பெரும்பாலும் ஏர்கான் இருக்காது, ஓவன் ஏறியதும் இன்னும் சூடாகும். வெட்டும் வேலையை மட்டும் ஏர்கான் உள்ள அறைக்கு மாற்றுங்கள். அரைமணி முன்பே 23 டிகிரியில் ஓடவிட்டால் வேலை நிதானமாக நடக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் வெளியே எடுங்கள். மேல் தாளை உரித்து, திரும்ப லேசாக மூடி, தலைகீழாகப் புரட்டி, அடித்தாளையும் உரியுங்கள். இப்படி இரண்டு பக்கமும் விடுவித்தால்தான் வெட்டிய துண்டு ஒட்டாமல் எழும். 5 செ.மீ. அச்சால் வெட்டிக்கொண்டு, பாதித் துண்டுகளில் நடுத்துளை போடுங்கள். தனியாக அச்சு வாங்க வேண்டியதில்லை. பபிள் டீ குடிக்கும் அகன்ற குழாய் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் துளை போடும். முக்கோணமாக மூன்று துளைகள் போட்டால் ஆஸ்திரியாவில் ‘லின்ஸர் கண்கள்’ என்று அழைக்கும் வடிவம் வந்துவிடும். கிரீம் பிழியும் கூம்பின் அகன்ற வாயும் நல்ல வட்டம் தரும். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், தீபாவளிக்கு மாங்காய் வடிவம் என்று மாற்றலாம். ஆனால் மெல்லிய கூர்முனை உள்ள வடிவங்கள் ஓவனில் மழுங்கிவிடும். துளைக்கும் ஓரத்துக்கும் இடையில் 8 மி.மீ.யாவது விடுங்கள், இல்லாவிட்டால் எடுக்கும்போதே உடையும்.

மிஞ்சிய ஓரத்துண்டுகளைப் பிசையாமல் ஒன்றோடொன்று அழுத்தி மறுபடி தாள்களுக்கு நடுவில் தேய்த்துக் குளிர வையுங்கள். இரண்டாம் முறை தேய்த்தது கொஞ்சம் கரடாக இருக்கும் என்பதால் அதை அடிப்பிஸ்கட்டுக்கு வைத்துக்கொண்டு, முதல் தேய்ப்பில் வந்ததை மேல்பிஸ்கட்டாக்குங்கள்.

சுடுவது

வெட்டிய துண்டுகளைத் தட்டில் 2 செ.மீ. இடைவெளியில் அடுக்கி, ஓவனுக்குள் போகும் முன் இன்னொரு முறை 15 நிமிடம் குளிர வையுங்கள். அவசரத்தில் பலரும் தவிர்த்துவிடும் படி இது. துளை மூடிக்கொள்வதும் ஓரம் வழிவதும் பெரும்பாலும் இதைத் தவிர்ப்பதால்தான்.

ஓவனை 170 டிகிரிக்குச் சூடாக்குங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 160. முன்சூடாக்க 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்களில் திருகியில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒத்துப்போவது அரிது. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பிஸ்கட்டுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் பயன்படும். நடுத்தட்டில், ஒரு நேரத்தில் ஒரு தட்டு. துளையுள்ளவையும் துளையில்லாதவையும் வெவ்வேறு தட்டுகளில் இருக்கட்டும், துளையுள்ளவை ஒரு நிமிடம் முன்னதாக வெந்துவிடும்.

11 முதல் 13 நிமிடம் ஆகும். எட்டாவது நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்புங்கள். ஓரம் மட்டும் லேசான பொன்னிறமாகி, நடு வெளிறியே இருக்கும்போது எடுப்பதுதான் வழக்கமான பதம். நம் ஊருக்கு இன்னும் ஒரு நிமிடம் விடுவது நல்லது. உள்ளே நீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாள் மொறுமொறுப்பு நிற்கும். எடுத்தவுடன் மென்மையாகத்தான் இருக்கும், தொடாதீர்கள். 5 நிமிடம் தட்டிலேயே விட்டுப் பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். அடுத்த சுற்று மாவைச் சூடான தட்டில் அடுக்கவே கூடாது. ஓவனை எட்டும் முன்பே அடி உருகிவிடும். இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

ஆறியதும், அதாவது தொட்டால் சூடே தெரியாத நிலையில், உடனே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். இரவு முழுக்க மேசையில் ஆற விட்டால் காலையில் நமத்திருக்கும்.

ஜாம்

ருசிக்கு நாங்கள் முதலிடம் தருவது ராஸ்ப்பெரி ஜாமுக்கு. மாவில் வெண்ணெயும் பாதாமும் நிறைய இருப்பதால் புளிப்பு வேண்டும். வெறும் தித்திப்பான ஸ்ட்ராபெரி ஜாம் திகட்டிவிடும். ஆஸ்திரியாவில் வழக்கமாக வைப்பது ரெட் கரண்ட் ஜாம், அதன் சிறப்பும் புளிப்புதான். ஆப்ரிகாட்டும் பொருந்தும். கயா வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கயா, வெளியே வைக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் நாள்கணக்கில் தாங்காது.

புட்டி ஜாமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர். அந்த நீர்தான் பிஸ்கட்டுக்குள் இறங்கி அதை நமக்க வைக்கிறது. 300 கிராம் ஜாமையும் எலுமிச்சைச் சாற்றையும் சிறு பாத்திரத்தில் கொதிக்க வைத்து, விதை இருந்தால் சூட்டோடு வடிகட்டி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே 5 முதல் 8 நிமிடம் காய்ச்சுங்கள். பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்தால் ஜாம் 255 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். விதைக்கு இன்னும் கொஞ்சம் கழியும். வெப்பமானியில் 106 டிகிரி. கருவி எதுவும் இல்லையென்றால், உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேற்பரப்பு சுருக்கம் விழுந்து, இழுத்த கோடு மூடாமல் நின்றால் போதும். அதற்கு மேல் காய்ச்சினால் ஆறியதும் மிட்டாயாக இறுகிப் பல்லில் ஒட்டும்.

அன்னாசி டார்ட்டுக்கு விற்கும் அன்னாசி ஜாம் ஏற்கெனவே கெட்டி என்பதால் ஈரத்தைப் பொறுத்தவரை மிகப் பாதுகாப்பானது. துளை வழியே சிவப்பு மினுமினுப்பு வராது, பொன்னிறம் வரும். தீபாவளிக்கு அதுவும் பொருத்தம். வீட்டிலேயே செய்ய, துருவிச் சாறு வடித்த அன்னாசி 600 கிராம், சீனி 180 கிராம், பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு. அகன்ற வாணலியில் மிதமான தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சீனியைப் பாதி வெந்த பிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். நார் நாராக நிற்பது இந்தப் பிஸ்கட்டில் உறுத்தும், கடைசியில் ஒருமுறை மிக்ஸியில் அடித்துவிடுங்கள்.

ஜோடி சேர்ப்பது

முதலில் துளையுள்ள பிஸ்கட்டுகளைத் தாளின் மேல் பரப்பி ஐசிங் சீனியைச் சல்லடையால் தூவுங்கள். ஜோடி சேர்த்த பிறகு தூவினால் துளையிலுள்ள ஜாமும் வெள்ளையாகிவிடும். ஈரக்காற்றில் ஐசிங் சீனி சில மணி நேரத்தில் உருகித் திட்டுத்திட்டாகும் என்பதால், பரிமாறும் நாளில் தூவுவதே நல்லது. முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டுமென்றால் பேக்கிங் கடைகளில் கிடைக்கும் கரையாத தூவல் சீனியை வாங்குங்கள். அது கொழுப்புப் பூசிய டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை, அதனால் ஈரத்தை இழுப்பதில்லை. நாக்கில் லேசாகக் குளிர்ச்சி தெரியும்.

அடிப்பிஸ்கட்டின் தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி, நடுவில் முக்கால் தேக்கரண்டி ஜாம் வையுங்கள். ஜாம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதிசூட்டில் வைத்தால் ஆவி பிஸ்கட்டில் இறங்கும். முழுக்க ஆறி இறுகியதைக் கிளறி வைத்தால் நீர் பிரிந்து கசியும். அப்படி இறுகிவிட்டால் ஒரு தேக்கரண்டிகூட நீர் சேர்க்காமல் மறுபடி சூடாக்கி இளக்குங்கள். ஓரத்தில் அரை செ.மீ. விட்டுப் பரப்பி, மேல்பிஸ்கட்டை ஓரத்தில் பிடித்து வைத்து, நேராக அழுத்தாமல் லேசாகத் திருகி இறக்குங்கள். துளைக்குள் ஜாம் குறைவாகத் தெரிந்தால் குச்சி நுனியால் ஒரு சொட்டு விடுங்கள். அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

அன்பளிப்பாகக் கொடுக்க, இரண்டு மூன்று நாள் மொறுமொறுப்பு கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. 80 கிராம் வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, அடிப்பிஸ்கட்டின் ஜாம் படும் பக்கத்தில் தூரிகையால் மெல்லியதாகப் பூசி இறுகவிட்டுப் பிறகு ஜாம் வையுங்கள். கொக்கோ கொழுப்பு நீரைத் தடுத்துவிடும். தித்திப்பு கூடும் என்பதால் இதற்கு எலுமிச்சைச் சாற்றை 3 தேக்கரண்டியாக்குங்கள்.

நாள் கணக்கு

தேய்த்த மாவைத் தாளோடு நெகிழியில் சுற்றினால் உறைபெட்டியில் இரண்டு மாதம் இருக்கும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கும்போதே பிள்ளைகளோடு மாவு வேலையை முடித்து வைத்தால் பண்டிகை வாரத்தில் வெட்டுவதும் சுடுவதும் மட்டும்தான். ஜாம் வைக்காத பிஸ்கட் சிவப்பு மூடி டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, உள்ளே உணவுக்கான சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். முறுக்கு வைத்த டப்பாவில் வைக்காதீர்கள். பெருங்காயமும் எண்ணெய் வாசமும் வெண்ணெய்ப் பிஸ்கட்டில் ஒரே இரவில் ஏறிவிடும். நமத்துவிட்டால் 150 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுக்கும். ஆனால் ஜாம் வைக்கும் முன்புதான் அது முடியும்.

ஜாம் வைத்த பிறகு மூன்று நான்கு நாள்கள் கணக்கு. முதல் நாள் மொறுமொறுப்பாகவும், இரண்டாம் நாள் கேக் போலக் கரைவதாகவும் இருக்கும். ஆஸ்திரியாவில் அந்த இரண்டாம் நாள் மென்மையைத்தான் பலர் விரும்புகிறார்கள், சிங்கப்பூரில் நம்மவர்கள் பெரும்பாலும் மொறுமொறுப்பைத் தேடுகிறோம். பண்டிகை நாளில் விருந்தினருக்குத் திறந்த வீடு வைப்பவர்கள் முந்திய இரவு ஜோடி சேர்த்தால் சரியாக இருக்கும்.

ஜாம் வைத்ததை ஃபிரிஜ்ஜில் வைப்பது பெரும்பாலும் கெடுதலாக முடியும். நம் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராக மாறும் அளவுக்கு ஈரம் நிறைந்தது. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து உடனே டப்பாவைத் திறந்தால் பிஸ்கட்டின் மேலெல்லாம் வியர்த்து, சீனித் தூள் பசையாகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால், எடுத்து ஒரு மணி நேரம் டப்பாவைத் திறக்காமல் வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது டப்பாவின் மேல் பாதாம், முட்டை, பால், கோதுமை இருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை எந்த வீட்டில் இருக்கும் என்று தெரியாது. அவர்களுக்காகவே தனிச்சுற்று சுடுவதானால் பாதாமை நீக்கி, 60 கிராம் மைதாவும் 30 கிராம் சோளமாவும் சேர்த்து, புதிதாகக் கழுவிய பாத்திரத்தில் முதல் சுற்றாகச் செய்யுங்கள். மலாய் அண்டைவீட்டாருக்குக் கொடுப்பதாக இருந்தால் வெண்ணெய், ஜாம், தூவல் சீனி எல்லாவற்றிலும் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வெனிலா சேர்க்கிறீர்கள் என்றால் மதுசாரம் இல்லாத வகையாக இருக்கட்டும். டப்பாவுக்குள் அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி வையுங்கள். மூன்று அடுக்குக்கு மேல் போனால் கீழே உள்ளவற்றில் ஜாம் பிதுங்கும்.